அது வேறு கல்

கல்வெட்டு வாசிக்க எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னேன். அதனால் ஒரு கல் உடைந்தது. என்னிடம் படித்த ஒரு பையன் விளக்கமறியலுக்குப் போனான். நான் வீட்டில் இருந்தேன். பொலிஸில் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன். காலம் போனபிறகு சொல்வதில் துணிச்சல் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும்.

மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழும் வரலாறும் படிப்பித்தவன் நான். எங்கள் மாவட்டத்தில் புதையல் கதை இல்லாத குன்றைக் காண்பது கஷ்டம். தம்புள்ளைக் குகைகளில் வலகம்பா மன்னன் பதினான்கு வருடம் ஒளிந்திருந்தான், ஓடும்போது கொண்டுவந்ததை எங்கே வைத்தான் என்று கேட்பார்கள். அதே குகைகளில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிசங்கமல்லன் 73 சிலைகளுக்குப் பொன் பூசினான். கண்ணுக்கு எதிரே இருந்த அந்தப் பொன்னைப் பற்றி யாருக்கும் கதை இல்லை. ஒளித்து வைத்தால்தான் நம் ஆட்களுக்கு அது தங்கம்.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றியும் கதை உண்டு. இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம், வீட்டுப் பேச்சுத் தமிழ். 1815 பெப்ரவரியில் மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அவனுடைய சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தன, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. ஆனால் தும்பறை மலைகளில் இன்னும் ஏழு பெட்டி கிடக்கிறது என்று அடித்துச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏழு என்பதைச் சொல்லும்போது குரல் தாழும்.

தோட்டத்து லயங்களில் சொல்லும் கதை வேறு. 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. துரைமார் கப்பலேறுமுன் வெள்ளிக் காசைப் பங்களாத் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் போனார்களாம். முறிந்துபோன துரையிடம் புதைக்க என்ன இருந்திருக்கும் என்று எங்கள் தாத்தாமார் யோசிக்கவில்லை. அந்தக் கோப்பிக்கு உழைத்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வாந்திபேதியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கிறார்கள். அவர்கள் எங்கே என்று தேடி யாரும் ஸ்கேனர் மெசின் கொண்டுவந்ததில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மூத்த கதை சிகிரியாவுடையது. அதை நான் வருடம் தவறாமல் வகுப்பில் சொன்னேன், நன்றாகவும் சொல்வேன். சூளவம்சத்தில் உள்ள கதை அது. தாதுசேன மன்னனின் மகளை அவள் புருஷன், மன்னனுடைய படைத்தளபதி, சவுக்கால் அடித்தான். கோபத்தில் மன்னன் தளபதியின் தாயை எரித்துக் கொன்றான். பழிவாங்கத் தளபதி பிடித்த கருவி மன்னனின் மகன் காசியப்பன். காசியப்பன் தகப்பனைச் சிறையில் போட்டான். அதன்பிறகும் தளபதி விடவில்லை. கிழவர் பொக்கிஷத்தை ஒளித்து வைத்திருக்கிறார், இளையவன் முகலனுக்குத்தான் கொடுக்கப்போகிறார் என்று ஓதினான். எங்கே பொக்கிஷம் என்று மகன் கேட்டு அனுப்ப, தன்னைக் கலாவெவக் குளத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார் தகப்பன். தான் கட்டிய குளம். இறங்கிக் குளித்து, தண்ணீரைக் காட்டி, என்னுடைய செல்வம் இவ்வளவுதான் என்றார். அவரை உயிரோடு சுவரில் வைத்துப் பூசினார்கள். மகன் சிகிரியாக் குன்றின்மேல் ஏறி 18 வருடம் ஆண்டான்.

"அப்ப புதையல் எது?" என்று கேட்பேன். "தண்ணி, சேர்!" என்று வகுப்பே கத்தும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். சொல்லிக் கொடுத்தவனுக்கு அது உள்ளே இறங்கவில்லை என்பதற்கு மிச்சக் கதையே சாட்சி.

என் வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் டவுனில் ஹார்ட்வெயர் கடை முதலாளி. இன்னொருவர் மந்திரம் செய்கிற கட்டாடி. மூன்றாமவர் வெளியூர்க்காரர், தோளில் ஒரு பெட்டி. நாவுலைக்கு அப்பால் காட்டோரத்தில் ஒரு தூண் கல் சாய்ந்து கிடக்கிறது, அதில் சூரியனும் சந்திரனும் வெட்டியிருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, சிங்கள எழுத்து மாதிரித் தெரியவில்லை, ஆகவே தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ராஜாவின் ஆட்கள் சிங்களவர் வாசிக்கக் கூடாதென்று தமிழில் குறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது கட்டாடியின் முடிவு. மாஸ்டர் வந்து வாசித்துத் தரவேண்டும். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு.

அப்போது எனக்குக் கடன் இருந்தது. ஆனால் கடனால் போனேன் என்று எழுதினால் பொய். வீட்டு வேலைக்காக நான் சீமெந்து கடனுக்குக் கேட்டு அந்த முதலாளியின் கடைப் பலகையடியில் நின்றிருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஆணி நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசியில்தான் என் பக்கம் திரும்புவார். அதே மனிதர் என் வீட்டுத் திண்ணையில் பிளேன்டிக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, "மாஸ்டர் மாத்தயா இல்லாட்டி இது நடக்காது" என்றார். வானில் முன் சீட்டை எனக்கு விட்டுவிட்டு அவர் பின்னால் ஏறினார். என் விலை அதுதான். பத்தில் ஒரு பங்கெல்லாம் அதற்கு மேலே வைத்த கொசுறு.

பெட்டிக்காரர் கிளம்புமுன் ஒரு வித்தை காட்டினார். தன் மோதிரத்தைக் கழற்றி எங்கள் வாசலில் தும்புக் கால்மிதிக்குக் கீழே வைத்தார். இரண்டு பித்தளைக் கம்பிகளைப் பெட்டியோடு கொழுவிக்கொண்டு நடந்தார். கால்மிதிக்கு நேராக வந்ததும் பெட்டி கிய்யென்று கத்தியது. என் மனைவி உள்ளே இருந்து பார்த்துவிட்டு, "அவருதானே வச்சாரு, எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?" என்றாள். அறிவுள்ள பேச்சு அந்த வீட்டில் அன்று அது ஒன்றுதான். நான் அவளை முறைத்தேன்.

தோண்டுவதற்கு நம்பிக்கையான கை வேண்டும் என்றார்கள். நானே ஆள் சொன்னேன். எங்கள் தோட்டத்துப் பையன், என்னிடம் ஓ.எல். வரை படித்தவன், மிளகு பறிக்கவும் கிணறு வெட்டவும் போய்க்கொண்டிருந்தான். நாள் கூலி கூடுதலாகக் கிடைக்கும், அவனுக்கு நல்லதுதானே என்று மனதுக்குள் பெரிய மனிதனாகிக்கொண்டேன்.

நாலந்தாவைத் தாண்டும்போது வானை நிறுத்தச் சொல்லி அந்தக் கெடிகேயைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். பல்லவர் பாணியில் கட்டிய கற்கோயில் அது, உள்ளே இருந்தது பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீரில் மூழ்காமல் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டினார்கள். கழற்றிய ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்துக்கே போயிருக்கிறது. கல்லை அப்படி நடத்துகிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, நாங்கள் வேறு மாதிரி நடத்தப் போனோம்.

அந்தத் தூண் நாலு பட்டையாகச் செதுக்கியது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இலந்தைப் பற்றைக்குள் சாய்ந்து கிடந்தது. டோச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்தால், எழுத்து நிழல் விழுந்து எழும்பும். அதை எங்கோ படித்திருந்தேன். அந்தத் தந்திரத்தைக் காட்டியதுமே கட்டாடி கூட எனக்கு ஒதுங்கி நின்றார். சட்டைப் பையில் பள்ளிக்கூடத்துச் சோக்கு இருந்தது. அதைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஒரு முகத்தில் வட்டமும் பிறையும். அடுத்த முகத்தில் ஒரு காகம், அதன் கீழே வாலைச் சுருட்டிய நாய். மற்ற இரண்டு முகத்திலும் வரிகள், பாதி பாசியில் போயிருந்தன. ஒரு எழுத்துக்கூட எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் அது என்ன கல் என்று தெரிந்தது. பார்த்த கணமே தெரிந்தது. ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மன்னர்கள் விகாரைக்கோ ஊருக்கோ நிலத்தையும் வரி விலக்கையும் கொடுக்கும்போது நட்ட தூண். அரசாங்க ஆட்கள் இந்த ஊருக்குள் நுழையக் கூடாது, இன்னின்ன வரி கேட்கக் கூடாது, மாடு பிடிக்கக் கூடாது என்கிற மாதிரி எழுதுவார்கள். சூரியனும் சந்திரனும் இருக்கும்வரை இந்தக் கொடை நிற்கும் என்பதற்காக அந்த இரண்டும். நம் தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளிலும் சந்திராதித்தவரை என்று வருவது இதுதான். அங்கே அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை வாங்குவான். இங்கே அடுத்த பிறப்பில் காகமாகவும் நாயாகவும் பிறப்பான். அதற்குத்தான் காகமும் நாயும். ராஜசிங்கனுக்கும் அந்தக் கல்லுக்கும் எண்ணூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. இவ்வளவும் என் மண்டையில் வரிசையாக நின்றது. வாயைத் திறந்தால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் பின் சீட்டில் ஏறி வந்திருப்பேன்.

அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்ற பையன் கிட்டே வந்தான். மற்றவர்களுக்குத் தமிழ் அரைகுறை, ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டான்.

"சேர், இது நெலம் குடுத்த கல்லுதானே? நீங்கதானே படமெல்லாம் போட்டுச் சொல்லிக் குடுத்தீங்க, நாயும் காக்காவும்?"

வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன். பரீட்சையில் வரலாறு சித்தியடையவில்லை. அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"அது வேற கல்லு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற ஆட்டல். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சோக்குத் தூசி படிந்த விரலை வரிகளின்மேல் ஓடவிட்டு, மேடைப் பேச்சுக் குரலில், நாய் நோக்கும் திசையில் நாலு கோல் என்று வாசித்தேன். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. கோல் என்றால் எத்தனை அடி என்று முதலாளி கேட்டார். அதற்கும் கணக்குச் சொன்னேன். அழித்தவனைச் சபிக்க வெட்டிய நாயை வழிகாட்டியாக்கியவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கட்டாடி செவ்வரத்தம்பூ வைத்து, தேசிக்காய் வெட்டி, கறுப்புச் சேவலை அறுத்தார். புதையலைக் காவல் காக்கிற பஹிரவயாவுக்கான படையல். மந்திரத்தில் பாதி தமிழ். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் அதைச் சொன்னால் பூக்காரிகள்கூடச் சிரித்திருப்பார்கள். எனக்கு அந்த நேரம் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1972இல் தந்த 'நிதானய' படத்தில் ஒருவன் புதையலுக்காகக் கழுத்தில் மச்சமுள்ள பெண்ணைத் தேடிக் கலியாணம் முடித்துப் பலிகொடுப்பான். முதல் தடவை பார்த்தபோது, படித்த மனிதன் இப்படியா செய்வான் என்று நண்பனிடம் கேட்டவன் நான். படித்தவன்தான் செய்வான். படிக்காத பையன் சந்தேகம் கேட்டான்.

நாலு கோலில் ஒன்றும் இல்லை. மண், பிறகு செம்பூரான், பிறகு பாறை. விடிவதற்குள் முதலாளிக்கு வேறு யோசனை வந்தது. குறி கல்லுக்கு வெளியே இல்லையென்றால் உள்ளே இருக்கும். சம்மட்டியை எடுத்தார்கள். நான் டோச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பக்கவாட்டில் அல்ல, நேராக, அடிப்பவர்களுக்கு வெளிச்சம் தெரிகிற மாதிரி. இரண்டாம் அடியிலேயே பிறை இருந்த மூலை தெறித்தது. உள்ளேயும் கல்தான் இருந்தது.

அவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது என்று நான் போகவில்லை. முதலாளியும் நின்றுவிட்டார். காசு போட்டவன் கடைசியில் காட்டில் நிற்கமாட்டான். பொலிஸ் போன இரவு அங்கே இருந்தது கட்டாடியும், கூலிக்கு வந்தவர்களும், எங்கள் பையனும். பத்திரிகையில் வழக்கமான நாலு வரி வந்தது: புதையல் தோண்டிய சந்தேகத்தில் கைது, அகழ்வுக் கருவிகளும் பூசைப் பொருட்களும் மீட்பு, நீதவான் முன்னிலையில் ஆஜர். ஆசிரியர் அறையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். "பேராசை புடிச்ச சனம்" என்று சொன்னது நான். 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தைப் பற்றியும், அனுமதி இல்லாமல் தோண்டுவதே குற்றம், எது கிடைத்தாலும் அரசாங்கத்துக்குத்தான் என்பதைப் பற்றியும் விளக்கம் வேறு கொடுத்தேன். சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பையனின் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, படங்கு கட்டிய கோலத்திலேயே வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்காரச் சொன்னேன், படியில்தான் உட்கார்ந்தாள்.

"யாரு கூட்டிக்கிட்டுப் போனதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான் சேர். நீங்க சொன்னா கேப்பான். ஒருக்கா போய்ப் பேசுறீங்களா?"

போய்ப் பேசுகிறேன் என்றேன். போகவில்லை. லோயருக்கென்று கையில் கொஞ்சம் காசு வைத்தேன், அவள் கும்பிட்டாள். உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். அன்றிரவு சோற்றைப் போட்டுவிட்டு, "நாளைக்குப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

பயம்தான் காரணம் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை போகும், பென்ஷன் போகும். அது உண்மையும்கூட. ஆனால் அதைவிட ஒன்று இருந்தது. ஒப்புக்கொள்ளப் போனால் முதலில் சொல்ல வேண்டியது, எனக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியாது என்பது. சிறைக்குப் போவதைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பையன் அபராதம் கட்டி வெளியே வந்தான், கொஞ்ச நாளில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வந்தால் கோயிலில் காண்பேன். "சேர் சுகமா?" என்பான். கோபம் இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் உயிர்வாயுக் குழி வெட்டியவர்களுக்கு மண்ணுக்குள் என்னவோ தட்டுப்பட்டது. பஸ்ஸில் வரும்போது எனக்குக் காதில் விழுந்தது, ஆஸ்பத்திரியில் தோண்டும்போது சாமான் கிளம்பியிருக்காம் என்ற அளவில்தான். என் மனம் எங்கே போனது தெரியுமா? பழைய கோட்டை இருந்த டவுன், 1848 கலகத்தில் கச்சேரியை உடைத்த இடம், அப்போது யாராவது புதைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அத்தனைக்குப் பிறகும். வீட்டுக்கு வந்து செய்தி கேட்டபோதுதான் தெரிந்தது, மனித எலும்பு. தோண்டத் தோண்ட 150 பேருக்கு மேல். எந்தக் காலத்து எலும்பு என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. ஆனால் 1987, 88, 89இல் பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மார் படத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தியின் முகத்தை டீவியில் பார்த்தபோது படியில் உட்கார்ந்த பையனின் அம்மாவின் ஞாபகம் வந்தது. டீவியை நிறுத்திவிட்டேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

கல் இப்போதும் அங்கே துண்டு துண்டாகக் கிடக்கும் என்று நினைக்கிறேன். போய்ப் பார்க்கவில்லை. அதில் யாருக்கு எந்த நிலம் கொடுத்திருந்தது என்று வாசிக்கத் தெரிந்தவர் யாராவது அதற்கு முன்பு படியெடுத்திருக்கக் கூடும். எடுத்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், என் பாரம் குறைய.

போன வருடம், ஓய்வுபெற்ற பிறகு, ஓர் இளைஞன் தேடிக்கொண்டு வந்தான். கலேவெலப் பக்கம் ஒரு கல், போனில் படம் எடுத்திருந்தான். வட்டமும் பிறையும். மாஸ்டர் வாசிப்பார் என்று யாரோ சொன்னார்களாம். எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி என்றேன், இந்தத் தடவை சொல்லிவிட்டேன். இது நிலக்கொடைக் கல், அடியில் ஒரு சதமும் இருக்காது, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிளேன்டி கொடுத்தேன். பங்கும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடியே குடித்துவிட்டு எழும்பினான். படலையடியில் கூட்டாளியிடம் சிங்களத்தில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "கிழவனுக்கு எல்லாம் தெரியும். தனியாத் தோண்டப் பார்க்கிறான்."